கூடைப்பந்து சோறு போடுமா?

சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். கரி என்றால் யானை. யானை வலம் வந்து வழிபட்ட ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். பால்வண்ணநாதர் கோவில் அந்த ஊருக்கு அடையாளம். இந்த ஊரிலோ, இதைப் போன்ற வேறோர் ஊரிலோ, பள்ளி விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் கூடைப்பந்து விளையாடிக்கொண்டிருக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வளையத்தில் வலை கிழிந்து பல நாளாயிற்று. பந்திலும் காற்று குறைவு. ஆனாலும் இருட்டும் வரை அவள் எறிந்துகொண்டே இருக்கிறாள்.

அவள் மனத்தில் ஓர் ஆசை. 'இந்த விளையாட்டையே என் தொழிலாக வைத்துக்கொண்டால் என்ன?' வாய்விட்டுச் சொன்னதும் மூன்று தடைகள் வந்து நிற்கின்றன. "உனக்கு உயரம் போதாதே" என்கிறாள் தோழி. "ஏட்டி, குதிச்சுக் குதிச்சு முட்டு போயிட்டுன்னா என்ன செய்வே?" என்கிறாள் ஆச்சி. "பந்து சோறு போடுமா?" என்கிறார் அப்பா.

நண்பர்களே, இந்த மூன்று கேள்விகளையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. மூன்றும் நியாயமான கேள்விகளே. முதல் இரண்டுக்கும் இயற்பியலும் உடலியலும் விடை சொல்லும். மூன்றாவதற்கு நம் நாட்டு வீராங்கனைகளின் வாழ்க்கையே விடை சொல்லும். அப்படி ஒருவரைத்தான் இந்தக் கட்டுரையில் துணைக்கு அழைத்துக்கொள்ளப் போகிறோம். அவர் பெயர் அனிதா பால்துரை. 1985இல் பிறந்தவர், சென்னையைச் சேர்ந்தவர். 2000ஆம் ஆண்டிலிருந்து 2017 வரை, ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள், இந்திய மகளிர் கூடைப்பந்து அணியில் விளையாடியவர். பத்தொன்பது வயதிலேயே அந்த அணிக்குத் தலைமை ஏற்றவர். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

பதினெட்டு ஆண்டுகள்! ஓடுவதும் சட்டென்று நிற்பதும் துள்ளுவதும் திரும்புவதுமாக இருக்கும் ஓர் ஆட்டத்தில் ஓர் உடல் அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தது எப்படி? இதைத் தெரிந்துகொண்டால் நம் மாணவியின் கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

முதலில் ஆட்டத்தின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1891 டிசம்பர் மாதம். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊர். வெளியே கடும் பனி. அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியருக்கு ஒரு பொறுப்பு தரப்பட்டது. குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்கடியிலேயே விளையாட ஒரு புதிய ஆட்டம் வேண்டும். அதில் அடிதடி இருக்கக்கூடாது. அவர் பீச் பழக் கூடைகள் இரண்டை எடுத்து, கூடத்தின் மாடித் தடுப்பில் ஆளுக்கொரு பக்கமாக ஆணியடித்து மாட்டினார். 13 விதிகளை எழுதினார். கூடைப்பந்து பிறந்துவிட்டது.

அந்த மாடித் தடுப்பு தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றும் உலகம் முழுவதும் வளையத்தின் உயரம் அதே 10 அடிதான், அதாவது 3.05 மீட்டர். ஒரு கட்டடத்தின் அமைப்பு ஓர் ஆட்டத்தின் விதியாகவே ஆகிவிட்டது!

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டுப்பாருங்கள். அந்தக் கல்லூரியின் பெயரை அவர் அறியாமல் இருக்கமாட்டார். ஆக, இந்த ஆட்டம் பிறந்த இடத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் உறவு நூறு ஆண்டுகளைத் தாண்டியது.

உயரம் போதாதா?

இனி தோழியின் கேள்விக்கு வருவோம். வளையம் பத்தடி உயரத்தில் இருக்கும்போது உயரமானவர்களுக்கு வசதிதான். இதை மறைப்பதில் பயனில்லை. உயரமானவரின் கை வளையத்துக்கு அருகில் இருக்கும். எதிராளியின் பந்தைத் தடுப்பதும், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதும் அவருக்கு எளிது.

"கூடைப்பந்து விளையாடினால் உயரம் வளரும்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுக்கொள்வது. ஆட்டக்காரர்கள் உயரமாக இருப்பது ஆட்டத்தால் அல்ல. உயரமாக இருப்பவர்களே அந்த ஆட்டத்துக்குப் பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். கை கால்களின் நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் என்னும் குருத்தெலும்புப் பகுதிகள் உண்டு. அவை இருக்கும் வரை எலும்பு நீளும். பருவ வயதின் முடிவில் அவை கெட்டி எலும்பாகிவிடும், வளர்ச்சியும் நின்றுவிடும். பெண்களுக்கு இது ஆண்களைவிட ஓரிரண்டு ஆண்டுகள் முந்தியே நிகழ்கிறது. உயரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை பெற்றோரிடமிருந்து வரும் ஜீன்கள். அதற்கு அடுத்தது குழந்தைப் பருவத்துச் சத்துணவும் நோயின்மையும். கம்பியில் தொங்குவதால் எலும்பு நீளாது.

சரி, உயரமே எல்லாமா? அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான என்.பி.ஏ.யில் ஒரு வேடிக்கை நடந்தது. 1987-88 பருவத்தில் வாஷிங்டன் அணியில் மனூட் போல் என்பவரும் மக்சி போக்ஸ் என்பவரும் ஒன்றாக விளையாடினார்கள். முன்னவர் 7 அடி 7 அங்குலம். பின்னவர் 5 அடி 3 அங்குலம். அந்த 5 அடி 3 அங்குல மனிதர் என்.பி.ஏ.யில் 14 பருவங்கள் நீடித்தார். மின்னல் வேகமும், பந்தைத் தரையோடு ஒட்டித் தட்டிச் செல்லும் திறமையும், சக ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்பதை ஒரே பார்வையில் அறியும் கூர்மையும் அவருடைய மூலதனம்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. பஞ்சாபின் பல்லோ கே என்னும் சிற்றூரைச் சேர்ந்த சத்னாம் சிங் 7 அடி 2 அங்குல உயரம். 2010இல், பதினான்கு வயதில், உதவித்தொகையுடன் அமெரிக்கா சென்று பயிற்சி பெற்றார். 2015இல் டல்லாஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்தவர் ஒருவர் என்.பி.ஏ.வுக்குத் தேர்வு செய்யப்பட்டது அதுவே முதல் முறை. பெரிய சாதனைதான். ஆனால் அதற்கு அடுத்த படியில் விளையாடினாரே தவிர, என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. ஆகவே உயரம் கதவைத் திறக்கும் சாவி. உள்ளே போனபின் நிலைத்து நிற்க வேறு பல வேண்டும்.

ஒரு வளையல் போதும்

அந்த 'வேறு பல'வற்றில் ஒன்றை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வளையலை எடுத்துக்கொள்ளுங்கள். தரைக்கு இணையாகப் பிடித்து நேர் மேலிருந்து பாருங்கள். முழு வட்டம் தெரியும். இப்போது வளையலை அசைக்காமல் உங்கள் கண்ணைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்குங்கள். வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும். கண் வளையலின் மட்டத்துக்கு வந்ததும் வெறும் கோடாகிவிடும்.

பந்தின் 'கண்ணுக்கும்' கூடை வளையம் இப்படித்தான் தெரிகிறது! வளையத்தின் விட்டம் 45 செ.மீ. மகளிர் ஆட்டத்துப் பந்தின் விட்டம் சுமார் 23 செ.மீ. பந்து செங்குத்தாக விழுந்தால் அதற்கு 45 செ.மீ. வாயில் கிடைக்கும். சாய்ந்து வந்தால் வாயில் குறுகும். குறுகிய வாயிலின் அகலம் = 45 × சைன் (சாய்வுக் கோணம்). உங்கள் கணக்குப் புத்தகத்துச் சைன் அட்டவணையை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 60 பாகைச் சாய்வில் 39 செ.மீ.; 45 பாகையில் 32 செ.மீ.; 30 பாகையில் 22.5 செ.மீ. கடைசி எண்ணைக் கவனித்தீர்களா? 23 செ.மீ. பந்து 22.5 செ.மீ. வாயிலில் வளையத்தைத் தொடாமல் நுழைய வழியே இல்லை. தட்டையாக எறிந்த பந்து வளையத்தில் மோதித் தெறிப்பது இதனால்தான்.

அப்படியானால் எவ்வளவு உயர்த்தி எறிவது? மிக உயரமாக எறிந்தால் அதிக வேகம் தேவை. கை சற்றுப் பிசகினாலும் பந்து வழி தவறும். மிகக் குறைந்த வேகத்தில் வளையத்தை எட்டும் கோணம் ஒன்று உண்டு. தடையின்றி எறியும் தனி எறிக்கு அது 50 பாகையை ஒட்டி அமைகிறது.

இனி ஒரு கணக்கு. ஒருத்தி 2.4 மீட்டர் உயரத்தில் பந்தைக் கையிலிருந்து விடுகிறாள். இன்னொருத்தி குள்ளம்; 1.9 மீட்டரில் விடுகிறாள். இருவரும் தனி எறிக் கோட்டில் நின்று, வளையத்தின் நடுவுக்கு 4.2 மீட்டர் தொலைவிலிருந்து எறிகிறார்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் முதலாமவளுக்குக் குறைந்தது வினாடிக்கு 6.95 மீட்டர் வேகம் வேண்டும். இரண்டாமவளுக்கு 7.36 மீட்டர். வித்தியாசம் ஏறத்தாழ 6 விழுக்காடுதான்! அரை மீட்டர் உயரக் குறையை 6 விழுக்காடு வேகத்தால் ஈடுகட்டிவிடலாம். அந்த வேகத்தையும் கோணத்தையும் ஒவ்வொரு முறையும் பிசகாமல் தரும் கை மட்டும் வேண்டும். அது பிறப்பில் வருவதல்ல. ஆயிரக்கணக்கான எறிகளில் வருவது.

எதிரில் ஆறடி ஆள் கையைத் தூக்கி நிற்கும்போது கணக்கு மாறும் என்பது உண்மை. அப்போது எதிராளியை ஏமாற்றி இடம் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் கற்றுக்கொள்ளக் கூடியதே.

முட்டு போய்விடுமா?

இனி ஆச்சியின் கேள்வி. கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் காற்றில் மிதப்பது போலத் தோன்றும். உண்மையில் யாரும் மிதப்பதில்லை. 45 செ.மீ. உயரம் துள்ளும் ஒருத்தி தரையைவிட்டுக் கிளம்பி மீண்டும் தரையைத் தொடும் வரை ஆகும் நேரம் வெறும் 0.6 வினாடி. ஆனால் உச்சியை நெருங்கும்போது வேகம் குறைந்துவிடுவதால், அந்த நேரத்தில் பாதியை அவள் உச்சிக் கால் பங்கு உயரத்திலேயே கழிக்கிறாள். மிதப்பது போன்ற தோற்றத்துக்கு இதுவே காரணம்.

எழும்புவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. கோழி முட்டை ஒன்றைச் சிமெண்டுத் தரையில் போட்டால் உடையும். இரண்டு பேர் தளர்த்திப் பிடித்த துணியில் போட்டால் உடையாது. இரண்டிலும் முட்டை விழுந்த உயரம் ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். தரை முட்டையைச் சட்டென்று நிறுத்துகிறது. துணி மெல்ல நிறுத்துகிறது. நிறுத்தும் தூரம் கூடினால் விசை குறையும்.

இதே கணக்கு முழங்காலுக்கும் பொருந்தும். 60 கிலோ எடையுள்ள ஒருத்தி 45 செ.மீ. உயரத்திலிருந்து இறங்குகிறாள். முழங்காலை விறைப்பாக வைத்து 5 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிட்டால், அவள் கால்கள் தாங்கும் சராசரி விசை உடல் எடையைப் போலப் பத்து மடங்கு. 600 கிலோ பாரத்துக்குச் சமம். இடுப்பையும் முழங்காலையும் கணுக்காலையும் மடக்கி 30 செ.மீ. தூரத்தில் நின்றால் இரண்டரை மடங்கு; 150 கிலோ. ஒரே துள்ளல், ஒரே உடல். இறங்கும் முறை மாறினால் பாரம் நான்கில் ஒரு பங்காகிறது!

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகக் கட்டிப்போட்டிருக்கும் வலுவான நார்கள் இரண்டு உண்டு. அவற்றில் முன்பக்கத்து நார், ஓடும்போது சட்டென்று நின்று திரும்புகையிலும், முழங்கால் உட்பக்கமாக மடங்க இறங்குகையிலும் அறுந்துபோகக் கூடும். அறுந்தால் அறுவைச் சிகிச்சை. மீண்டும் ஆட ஒன்பது மாதமோ ஓராண்டோ ஆகும். கூடைப்பந்தில் இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இடுப்பின் அமைப்பு, தொடைத் தசைகளின் வலிமை, இறங்கும் பழக்கம் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன.

ஆச்சியின் அச்சம் பொய்யல்ல. ஆனால் அதற்கு மாற்றும் உண்டு. தொடையின் பின்தசைகளையும் இடுப்புத் தசைகளையும் வலுப்படுத்துவது, முழங்கால் உட்பக்கம் மடங்காமல் மெத்தென்று இறங்கப் பழகுவது, ஒற்றைக்காலில் சமநிலை காப்பது ஆகிய பயிற்சிகளை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை செய்த அணிகளில் இந்தக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பள்ளி மைதானமும் பதினைந்து நிமிடமும் போதும். சத்தமில்லாமல் தரையிறங்கக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் காதே உங்களுக்குப் பயிற்சியாளர்.

இங்கே உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தசைக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதற்கு இரும்புச் சத்து வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரண்டாவது ஓட்டத்திலேயே மூச்சு வாங்கினால் 'எனக்கு விளையாட வராது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குறை திறமையில் இல்லாமல் இரத்தத்தில் இருக்கலாம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கீரை, கம்பு, பயறு வகைகள், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. முட்டை, மீன், இறைச்சி உண்பவர்களுக்கு இன்னும் எளிது.

இறங்கும் கோடும் ஏறும் கோடும்

ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையை வரைபடமாகப் போட்டால் இரண்டு கோடுகள் கிடைக்கும். ஒன்று உடலின் கோடு. வேகமும் துள்ளலும் இருபதுகளில் உச்சத்தில் இருக்கும். உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் அளவு முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு குறையும். விரைவாகச் சுருங்கி வெடிப்பு வேகம் தரும் தசை இழைகளும் மெலியும். இந்தக் கோடு இறங்கத்தான் செய்யும். பயிற்சியால் அதன் சரிவைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது.

இன்னொன்று அறிவின் கோடு. எதிராளியின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, பந்து எங்கே வரப்போகிறது, யாருக்கு இப்போது கொடுக்க வேண்டும் என்பனவற்றை மூளை ஆண்டுக்கு ஆண்டு அதிகமாகக் கற்றுக்கொள்கிறது. புதியவள் பந்தைப் பார்த்த பின் ஓடுகிறாள்; அனுபவசாலி பந்து வருமுன் அங்கே போய் நிற்கிறாள். இந்தக் கோடு ஏறிக்கொண்டே போகும். நீண்ட காலம் ஆடியவர்கள் எல்லாரும், முதற்கோடு இறங்கும் அளவுக்கு இரண்டாம் கோட்டை ஏற்றிக்கொண்டவர்களே.

அனிதா பால்துரையின் கதைக்கு இப்போது திரும்புவோம். அவர் இடையில் தாயானார். கருவுற்ற காலத்தில் உடல் எடை கூடும். வயிற்றுத் தசைகள் விரியும். மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் சில ஹார்மோன்களால் தளரும். பழைய வலிமைக்குத் திரும்பப் பல மாதப் பொறுமையான பயிற்சி தேவை. 'இனி எதற்கு விளையாட்டு?' என்று கேட்பதற்கு நம் ஊரில் ஆட்களுக்குக் குறைவே இல்லை. அவர் திரும்பி வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் மகளிர் ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவுப் போட்டிகள் நடந்தன. இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்ற கணக்கில், இரண்டே புள்ளி வித்தியாசத்தில் வென்றது. வென்ற அணியில் அவரும் இருந்தார். அந்த வெற்றி இந்திய அணியை 'ஏ' பிரிவுக்கு உயர்த்தியது. அப்போது அவருக்கு வயது 32.

பந்து சோறு போடுமா?

கடைசியாக அப்பாவின் கேள்வி. இதற்கும் எண்களைக் கொண்டே விடை தேடுவோம். என்.பி.ஏ.யில் 30 அணிகள். அணிக்கு 15 நிரந்தர இடங்கள். ஆக உலகம் முழுவதற்கும் 450 இடங்கள். அதிலும் ஒருவர் நீடிப்பது சராசரியாக ஐந்தாண்டுகளை ஒட்டியே என்பார்கள். மகளிருக்கான அமெரிக்கத் தொடரில் இடங்கள் இன்னும் குறைவு.

அந்தக் கதவையும் நம் பக்கத்து மாநிலப் பெண் ஒருவர் தட்டிப் பார்த்திருக்கிறார். கேரளத்தின் கோட்டயம் பகுதியைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ், சென்னையில் தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவர். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் என்னும் அணிக்காக ஆடினார். 2011இல் அமெரிக்க மகளிர் தொடரின் மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. அந்த ஆண்டு அந்தத் தொடரில் இருந்தவை 12 அணிகள். மொத்த இடங்கள் நூற்றைம்பதுக்கும் குறைவு. இடம் கிடைக்கவில்லை. அதனால் அவர் வாழ்க்கை நின்றுவிட்டதா? இல்லை. இந்திய அணியில் தொடர்ந்து ஆடினார்; 2014ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார்.

அவர் விழாமல் நின்றதற்குக் காரணம், நம் நாட்டில் கூடைப்பந்து பிழைப்பாகும் விதமே வேறு என்பதுதான். இங்கே ஆட்டக்காரருக்குச் சம்பளம் தந்து வளர்த்தவை பெரும்பாலும் ரயில்வேயும், வங்கிகளும், காவல்துறையும், எண்ணெய் நிறுவனங்களும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. காலையும் மாலையும் பயிற்சி. போட்டிக்குப் போக அனுமதி. ஆடும் காலம் முடிந்த பின்பும் வேலை தொடரும். தேசியப் போட்டிகளில் மகளிர் பிரிவை இந்திய ரயில்வே அணி நெடுங்காலம் தன் கையில் வைத்திருந்ததற்கு இதுவே காரணம். அனிதாவும் தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவரே. தேசியப் போட்டிகளில் அவர் பெற்ற பதக்கங்கள் முப்பது.

ஆகவே அப்பாவுக்கு நேர்மையான விடை இது: கோடி கோடியாகச் சம்பாதிக்கும் தொழில் என்று நினைத்தால், அந்த வாசல் ஊசிக் காது போன்றது. மாதச் சம்பளமும் மரியாதையும் உள்ள வேலைக்கு ஒரு வழி என்று நினைத்தால், அது திறந்திருக்கும் கதவு. ஆனால் அங்கும் கூட்டம் அதிகம். மாவட்ட, மாநில, தேசியப் போட்டிகளின் சான்றிதழ்களும் வேண்டும். வேலைக்குரிய படிப்பும் வேண்டும். பந்துக்காகப் படிப்பை விட்டவர் முழங்காலில் ஒரு காயம் பட்டால் இரண்டையும் இழப்பார். படிப்பையும் வைத்துக்கொண்டவருக்கு உடற்கல்வி ஆசிரியர், பயிற்சியாளர், நடுவர், உடலியக்கச் சிகிச்சையாளர் என்று ஆட்டத்துக்கு அருகிலேயே வேறு வாசல்கள் உண்டு.

சிற்றூரில் இருப்பது தடையாகுமா? ஓரளவு ஆகும். நல்ல தளமும், பயிற்சியாளரும், எதிர்த்து ஆட நல்ல அணிகளும் நகரங்களில்தான் அதிகம். இந்தக் குறையைப் போக்கவே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பள்ளி மாணவ மாணவியருக்கு விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. தேர்வுப் போட்டி வைத்து ஆள் எடுத்து, தங்க இடமும் உணவும் பயிற்சியும் தந்து படிக்கவும் வைக்கிறார்கள். உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடமோ மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலோ தேர்வு நடக்கும் நாளைக் கேட்டு வையுங்கள்.

மீண்டும் மைதானத்துக்கு

நம் மாணவி இன்னும் எறிந்துகொண்டுதான் இருக்கிறாள். அவளுக்கு நாம் என்ன சொல்லலாம்? 'நீ நிச்சயம் இந்திய அணியில் ஆடுவாய்' என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்வது பொய். 'இதெல்லாம் நமக்கு வராது' என்று சொல்வதும் அதே அளவு பொய்தான்.

இதைச் சொல்லலாம். உயரம் உன் கையில் இல்லை. எறியும் கோணம் உன் கையில் இருக்கிறது. வயதை நிறுத்த முடியாது. தரையிறங்கும் முறையை இன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம். யார் உன்னைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது தெரியாது. தேர்வு நாளில் புத்தகப் பையும் காலணியும் இரண்டும் தயாராக இருக்க வேண்டும் என்பது தெரியும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள், நண்பர்களே. தினமும் தனி எறிக் கோட்டிலிருந்து ஐம்பது எறி. எத்தனை விழுந்தன என்று குறியுங்கள். ஒரு வாரம் உங்கள் வழக்கப்படி எறியுங்கள். அடுத்த வாரம் பந்தைச் சற்று உயர்த்தி எறியுங்கள். இரண்டு வார எண்களையும் வரைபடத் தாளில் போடுங்கள். வளையல் சொன்ன பாடம் உண்மையா என்பதை உங்கள் கையே உங்களுக்குச் சொல்லும். வலை கிழிந்த வளையமாக இருந்தாலும் பரவாயில்லை; அதன் விட்டமும் 45 செ.மீ.தான், உயரமும் பத்தடிதான்!